பட்டும் மேனியும்

காஞ்சிபுரம், கோயில்களாலும் பட்டாடைகளாலும் பெயர் பெற்ற பழம்பதியாகும். அதனை அடுத்து ஏனாத்தூர் என்னும் ஊர் இருக்கின்றது. 1993-ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரசுவதி விசுவ மகாவித்யாலயம் அவ்வூரில் நடைபெறுதலின், வெளியூர் மாணாக்கரும் அதன் பெயரை அறிவர். காஞ்சியின் தெருக்களிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. அவர்தம் இல்லங்களில் பாவும் ஊடையும் கலந்து பட்டாடை உருவாவதைக் காண்பார், ஒரு சேலைக்குப் பின்னே எத்துணைப் பேருடைய உழைப்பு நிற்கின்றது என்பதை உணர்வர்.

இத்துணை உழைப்பால் ஆகியதும் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதும் ஆகிய ஆடையை எவரும் எளிதிற் பாழாக்கத் துணியார். எனவே, சேலையை வாங்குவோர் நெசவாளரிடம் தவறாமல் வினவும் வினா ஒன்று உண்டு. "இதனை எதிலே நனைப்பது, ஐயா?" என்பதே அது. "துணிக்குப் போடும் சவர்க்காரம் மட்டும் வேண்டா, அம்மா. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நீரில் மெல்ல அலசி நிழலில் உலர்த்துங்கள்" என்று முதிய நெசவாளர் விடை கூறுவர். வாங்குவோரும் அதனை மறவாமல் மனத்திற் கொள்வர்.

ஆனால், அதே அம்மையார் வீடு திரும்பும் வழியில் கடையில் தொங்கும் சிறு பொதிகளுள் இரண்டைக் கிழித்து வாங்கி, அதனுள் இருப்பது யாதென்று பாராமலே தம் மகளின் தலையில் தேய்க்கின்றார். முகத்திற்குப் பூசும் களிம்பையும் அவ்வாறே வாங்குகின்றார். சேலைக்குக் கேட்ட கேள்வியை மேனிக்குக் கேட்பவர் சிலரே. ஆடை நைந்தால் மற்றொன்று நெய்து கொள்ளலாம். மேனி அத்தகையதன்று.

பட்டையும் மேனியையும் ஒருங்கு வைத்துப் பேசுதல் வெறும் உவமைக்காக அன்று. பட்டு என்பது ஒரு புழுவின் வாயினின்று வெளிப்படும் இழை. அது புரதத்தால் ஆகியது. நம் தலைமயிரும் நகமும் தோலின் மேற்பரப்பும் புரதத்தால் ஆகியனவே. புழு நூற்ற இழை இரண்டு பகுதிகளை உடையது. உள்ளே உறுதி வாய்ந்த இழையும், அதனைச் சுற்றிக் கோந்து போன்ற பூச்சும் உள்ளன. கோந்து நீங்கினாலன்றிப் பட்டு மென்மையும் ஒளியும் பெறுவதில்லை. ஆதலின், கச்சாப் பட்டைச் சவர்க்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டுக் கோந்தினை நீக்குவர். இதனால் நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

'சவர்க்காரம் கூடாது என்று கூறும் தொழிலாளரே சவர்க்காரத்தை இடுகின்றாரே, இது முரண் அன்றோ?' என மாணாக்கர் ஐயுறலாம். முரண் அன்று. அவர் காரத்தின் அளவையும், நூல் கொதிநீரில் இருக்கவேண்டிய காலத்தையும் நன்கு அறிந்தவர். கோந்து கரைந்த அளவிலே நூலை எடுத்து அலசிவிடுவார். அதற்கு மேலும் காரத்தில் கிடப்பின் உள்ளிழையும் நலியத் தொடங்கும் என்பது அவர் பட்டறிவு. காரம் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. அவ்வேலை முடிந்தபின் அது நண்பனாய் இராது.

நம் தோலின் மேலும் அவ்வாறே ஒரு காப்பு உள்ளது. வியர்வையும் இயற்கை நெய்ப்பும் கலந்து உண்டாகும் அம்மெல்லிய படலம் சற்றே புளிப்புத்தன்மை உடையது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழ்ப்பட்டவை அமிலம், மேற்பட்டவை காரம். தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 என்னும் அளவில் நிற்கின்றது. சாதாரணச் சவர்க்காரக் கட்டியின் நுரையோ 9 முதல் 10 வரை செல்லும். நாள்தோறும் பன்முறை சவர்க்காரம் தேய்த்துக் குளிப்பவர்க்குத் தோல் வறண்டு வெடிப்பது இதனாலேயே. மயிரிழையின் மேற்புறத்தே மீன்செதில் போல் அடுக்கடுக்காய்ப் படிந்துள்ள செதில்களும் காரம் பட்டவுடன் நிமிர்ந்து கொள்ளும். அவ்வாறு நிமிர்ந்த மயிர் ஒன்றோடொன்று சிக்கி, ஒளியிழந்து, எளிதில் அறும்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைத் துணித்துண்டு ஒன்றில் மஞ்சள் நீரைத் தோய்த்து உலர்த்துக. அதன் ஒரு பகுதியில் சவர்க்கார நீரையும், மற்றொரு பகுதியில் பூந்திக்கொட்டை ஊறிய நீரையும் சொட்டுக. சவர்க்காரம் பட்ட இடம் சிவக்கும். பூந்திக்கொட்டை நீர் பட்ட இடம் மஞ்சளாகவே இருக்கும். மஞ்சள், காரத்தைக் காட்டிக் கொடுக்கும் இயல்புடையது. திருமண வீட்டில் மணமக்களுக்குச் சுற்றும் ஆலத்தி நீர், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தமையாலே சிவந்தது என்பதையும், அதில் எலுமிச்சஞ்சாறு பிழிந்தால் செம்மை மாறி மீண்டும் மஞ்சளாகும் என்பதையும் பலர் அறியார்.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்தம் வழக்கமே சான்று. பருத்தித் துணி காரத்தைத் தாங்கும். ஆதலின், சலவைத் தொழிலாளர் உவர்மண்ணை இட்டு வெள்ளாவி வைத்தனர். பட்டிற்கும் தலைமயிருக்கும் உவர்மண்ணை எவரும் இட்டிலர். அவற்றிற்குப் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் இருந்தன. அவை கிடைக்காத வறண்ட பகுதிகளில் உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்புப் பொடி இருந்தது. இம்மூன்றினும் சப்போனின் என்னும் நுரைப்பொருள் உள்ளது. அதன் ஒரு பகுதி எண்ணெயைப் பற்றும். மற்றொரு பகுதி நீரைப் பற்றும். எண்ணெய் அழுக்கை ஒரு கையாலும் நீரை மற்றொரு கையாலும் பிடித்து இழுத்துச் செல்லும் தன்மையது எனலாம். சவர்க்காரமும் இதனையே செய்யும். ஆயினும், அதுபோல் இவற்றில் காரம் இல்லை. சீயக்காய் சிறிது புளிப்பும் உடையது. ஆதலின், மயிரின் செதில்கள் நிமிராமல் படிந்தே இருக்கும்.

நீராடற்குரிய நறும்பொருள்களைப் பற்றிய அறிவு நம் நாட்டில் மிகப் பழைமையானது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், மாதவி தன் கூந்தலை நறுநீரில் ஆட்டிய செய்தி வருகின்றது. துவர்ப்புப் பொருள்கள் பத்தும், விரைகள் ஐந்தும், ஓமாலிகை எனப்படும் நறும்பொருள்கள் முப்பத்திரண்டும் ஊறிய நீர் அது என்பர் இளங்கோவடிகள். உரையாசிரியர்கள் இவற்றின் பெயர்களை வரிசையாகத் தந்துள்ளனர். கூந்தல் கழுவும் நீருக்கு நாற்பத்தேழு பொருள்களை எண்ணி வைத்த நாட்டில் பிறந்தவர், பொதியின் பின்புறத்து எழுத்தைப் படிக்கச் சோம்புதல் வியப்பே.

'ஷாம்பு' என்னும் சொல்லும் நம் நாட்டிலிருந்து மேனாடு சென்றதே. இந்தியில் பிடித்துவிடுதலைக் குறிக்கும் சொல் ஒன்றிலிருந்து அது பிறந்தது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் 1814-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் நடத்திப் புகழ் பெற்றார். பிடித்தலைக் குறித்த சொல் காலப்போக்கில் தலை கழுவுதலைக் குறிப்பதாயிற்று. பின்னர், கழுவும் நீர்மத்திற்கே பெயராயிற்று. அந்நீர்மம் நம் சிற்றூர்கள்தோறும் பரவியதற்கும் தமிழ்நாட்டிலேயே ஒரு காரணம் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர், 1970-களில் ஷாம்புவைச் சிறு பொதிகளில் அடைத்து விற்கும் முறையைக் கொணர்ந்தார். செல்வர் புட்டியில் வாங்கிய பொருளை ஏழையும் சில காசுக்கு வாங்கலாம் என்னும் நல்லெண்ணத்தில் பிறந்த முறை அது. அதன் விளைவாக அம்மியும் உரலும் சீயக்காயை மறந்தன.

ஷாம்புவின் நுரைக்குப் பெரும்பாலும் காரணமாவது சோடியம் லாரில் சல்பேட்டு முதலிய பொருள்கள். இவை சவர்க்காரத்தைப் போலக் காரம் உடையன அல்ல. ஆயினும் நெய்ப்பை வேகமாக வாரிச் செல்வன. தோல் மருத்துவர், ஆராய்ச்சிக்காகத் தோலில் எரிச்சலை வேண்டுமென்றே உண்டாக்க நினைக்குங்கால் இச்சல்பேட்டையே அளந்து இடுவர் என்பது குறிப்பிடத்தக்கது. உடனே கழுவிவிடின் பெரும்பாலோர்க்கு இதனால் தீங்கில்லை. மென்மையான தோலுடைய குழந்தைகளுக்கும் கரப்பான் நோயுடையோர்க்குமே இது துன்பம் தரும். இத்தகைய பொருளையும், உயிருக்கே உலை வைக்கும் நஞ்சையும் ஒரே தட்டில் வைத்து அஞ்சுதல் அறிவுடைமை ஆகாது. அஞ்சத் தக்கவை வேறு சில உள்ளன. அவற்றுள் முதலாவது பாதரசம்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் கருநிறப் பொருள். அது ஞாயிற்றின் கடுங்கதிர் உடலினுள் புகாதவாறு தடுக்கும் குடை போன்றது. வெயில் மிக்க நாட்டில் வாழும் நமக்கு இயற்கை அளித்த கவசம் அதுவே. பாதரச உப்பு, மெலனின் உண்டாவதைத் தடுக்கும் ஆற்றலுடையது. ஆதலின், பாதரசம் கலந்த களிம்பைப் பூசினால் சில நாள்களிலேயே முகம் வெளுக்கின்றது. பூசுபவர் மகிழ்கின்றார். அக்காலத்தே பாதரசம் தோலின் வழியாக உட்புகுந்து சிறுநீரகத்தைச் சென்று அடைகின்றது.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்கல்லில், 2021-ஆம் ஆண்டு சூலைக்கும் 2023-ஆம் ஆண்டு செப்டம்பருக்கும் இடையே, சிறுநீரகத்தின் வடிகட்டும் படலம் தடிக்கும் நோயுடன் 22 பேர் மருத்துவரிடம் வந்தனர். முகமும் காலும் வீங்குதலும், சிறுநீர் நுரைத்துப் போதலும் அந்நோயின் குறிகள். குருதியில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போவதே அந்நுரைக்குக் காரணம். அவர்களுள் 15 பேரிடம் 'நெல்-1' என்னும் அரிய புரதக் குறி காணப்பட்டது. (பெயரைக் கண்டு வயல் நெல்லென்று மயங்க வேண்டா, அஃது ஆங்கிலப் பெயரின் சுருக்கம்.) அப்பதினைவருள் 13 பேர், நோய் தோன்றுமுன் சிவப்பழகுக் களிம்பு பூசியதை ஒப்புக்கொண்டனர். இவ்வாறு நோயுற்றோருள் பள்ளிச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள் எனச் செய்தித்தாள்கள் தெரிவித்தன. களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர். 2023-இல் கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் 'ஆப்பரேஷன் சௌந்தர்யா' என்னும் பெயரில் கடைகளைச் சோதித்து, உரிமமில்லாத அழகுப் பொருள்களைக் கைப்பற்றினர்.

பாதரசத்தின் கொடுமையை உலகம் ஜப்பானில் கற்றது. அந்நாட்டின் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், தொழிற்சாலை ஒன்று கடலில் விட்ட பாதரசக் கழிவு மீனுக்குள் புகுந்தது. மீனை உண்ட மக்கள் நரம்பு தளர்ந்து, பேச்சிழந்து, மாண்டனர். அந்நோய் 1956-இல் அறியப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே 2013-இல் உலக நாடுகள் பாதரச உடன்படிக்கை ஒன்றைச் செய்து கொண்டன. இந்தியா 2018-இல் அதனை ஏற்றது. 2020-ஆம் ஆண்டின் இந்திய அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணைச் சார்ந்த பொருள்களைத் தவிர ஏனையவற்றில், தானே கலந்துவிட்ட பாதரசமும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கு மேல் இருத்தலாகாது. எனினும், எங்கோ செய்யப்பட்டு, செய்தவர் பெயரும் இன்றி வந்து சேரும் களிம்பிற்கு விதியும் தெரியாது; வரம்பும் தெரியாது.

கருமேனியைக் குறையாக எண்ணும் எண்ணமே இக்களிம்புகளுக்கு விளைநிலம். திருமணப் பேச்சு எழும் வீடுகளில் 'பெண் நிறம் எப்படி?' என்னும் கேள்வி இன்னும் ஒழிந்தபாடில்லை. விளம்பரங்கள் அதற்கு எண்ணெய் வார்த்தன. கருநிறத்தாரைத் தாழ்ந்தவராகவோ வாழ்வில் தோற்றவராகவோ காட்டும் விளம்பரம் கூடாது என்று இந்திய விளம்பரத் தர அவையம் 2014-இல் நெறி வகுத்த பின்னரும் மனத்திலுள்ள மாசு முற்றும் நீங்கவில்லை. கண்ணனையும் திருமாலையும் கார்வண்ணன் என்று போற்றும் மக்கள் தம் மகளின் கருமைக்கு நாணுவது ஏனோ?

இனி, மயிர்ச்சாயம் பற்றிச் சிறிது காண்போம். நரைத்த மயிரைக் கறுப்பாக்கும் சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாரா பினைலீன் டையமின் என்னும் பொருள் சேர்கின்றது. சிலர்க்கு அது தலைத்தோலிலும் இமையிலும் கடும் வீக்கத்தை உண்டாக்கும். இவ்வகைச் சாயப் பொதியின் மேல், முதலில் தோலிற் சிறிது தடவிச் சோதித்தல் வேண்டும் என்றும், இமைமயிருக்கும் புருவத்துக்கும் இட்டால் கண்பார்வை போகலாம் என்றும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது இந்நாட்டு விதி. காதின் பின்புறத்தே சிறிது தடவி 24 மணி நேரம் பொறுத்துப் பார்த்தலே அச்சோதனை. சாயமிட்டுக் கொள்வோருள் எத்துணைப் பேர் அவ்வெழுத்தைப் படித்தனர், எத்துணைப் பேர் ஒரு நாள் பொறுத்தனர் என்பதைக் கேட்டுப் பார்த்தல் நன்று.

காஞ்சி மக்களுக்குச் சாயத்தின் தீமை புதிதன்று. சில அசோச் சாயங்கள் உடலிற் பட்டுச் சிதைந்து புற்றுநோய் விளைக்கும் பொருளாக மாறும் என்று கண்டு, ஜெர்மனி 1994-இல் அவற்றைத் தடை செய்தது. இந்திய அரசும் 1990-களில் அத்தகைய சாயங்களை விலக்கியது. ஆடையின் சாயத்தில் இத்துணை எச்சரிக்கை வேண்டுமாயின், மயிரின் அடியில் நேரே ஊறும் சாயத்தில் எத்துணை வேண்டும்!

மருதாணி இதற்கு நல்ல மாற்றாகும். அதன் இலையில் உள்ள லாசோன் என்னும் பொருள் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். ஆதலின், கையிலும் மயிரிலும் நிறம் ஊன்றுகின்றது. ஆனால் ஒன்று: மருதாணி தரும் நிறம் செம்மஞ்சள் அல்லது செம்பழுப்பே, அதுவும் சில மணி நேரம் காத்திருந்தபின் தோன்றுவது. சில நிமிடங்களில் கன்னங்கரேலெனப் பிடிக்கும் 'கறுப்பு மருதாணி' என்பது பெயரளவில் மருதாணி. உள்ளே இருப்பது மேற்கூறிய டையமினே. திருவிழாக் கடைகளில் அதனைக் கையில் வரைந்து கொண்ட பிள்ளைகள், வரைந்த கோலத்தின் வடிவாகவே கொப்புளம் எழக் கண்டு அலறிய நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. ஒருமுறை அவ்வாறு ஒவ்வாமை வந்தவர்க்குப் பின்னாளில் மயிர்ச்சாயமும் ஆகாது.

குங்குமத்தின் கதையும் இத்தகையதே. காமாட்சியம்மன் கோயிலுக்குச் செல்வார் குங்குமம் பெறாமல் திரும்புவதில்லை. மஞ்சளுடன் வெங்காரமும் படிகாரமும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்து ஊறவைத்து, உலர்த்தி இடித்துச் செய்வதே பழைய முறை. அதன் செம்மை கண்ணைப் பறிப்பதன்று, சற்று மங்கியதே. கடையில் பளபளவென மின்னும் பொடியில் மாவும் செயற்கைச் சாயமும் சேர்ந்திருத்தல் உண்டு. சில செந்தூரங்களில் ஈயச் செந்தூரமே கலந்திருக்கக் காணப்பட்டது. அழகுப் பொருளுக்கு நிறமூட்ட ஈயத்தையோ ஆர்சனிக்கையோ சேர்த்தலாகாது என்பது சட்டம். ஒட்டுப்பொட்டிலோ நிறத்தைவிடப் பசையே தீங்கானது. சிலவகைப் பசைகளில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பினால் என்னும் பொருள், பொட்டு வைத்த இடத்தில் தோலின் நிறத்தை அழித்து வெண்புள்ளி ஆக்கிவிடும். அரிப்போ வெண்மையோ தோன்றிய அன்றே அதனை விட்டுவிடுதல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றால், 'செயற்கை யாவும் தீது. இயற்கை யாவும் நன்று' என்று முடிவு செய்தல் பிழையாகும். இன்று கடைகளில் இலைப் படமும் பச்சை நிறமும் கண்டவுடன் ஏமாறுவோர் தொகை மிகுதி. பாதரசமும் ஈயமும் மண்ணிலிருந்து எடுப்பனவே அன்றோ? சுருமா என்னும் பெயரில் விற்கப்படும் கண்மைகள் சிலவற்றில் ஈயக்கனிமமே பெரும்பகுதி. பல தலைமுறையாய் வழங்கியது என்னும் ஒன்றே அதனை நன்றாக்கிவிடாது. கண்ணில் தீட்டிய கையைக் குழந்தை வாயில் வைக்கின்றது. ஈயம் குருதியிற் கலந்து அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கின்றது. விளக்கின் கரியை ஏந்தி விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்யும் வீட்டு மையில் ஈயம் இல்லை. எனினும், பச்சிளங் குழந்தையின் கண்ணுள் எந்த மையும் இடலாகாது என்பதே மருத்துவர் கருத்து. பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்துகளை உண்டவர்க்கும் கோட்டக்கல்லில் கண்ட அதே சிறுநீரக நோய் வந்ததை, தென்னிந்திய மருத்துவர்கள் 2022-இல் ஆய்ந்து வெளியிட்டனர்.

மண்ணில் வெட்டி எடுக்கும் டால்க்கு என்னும் கல்லின் பொடியே நாம் பூசும் முகப்பவுடர். உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, 2024-இல் அதனைப் புற்றுநோய் விளைக்கக்கூடும் எனப் பெரிதும் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்தது. குழந்தையின் முகத்தருகே பவுடரைத் தட்டிப் புகை போல் எழுப்புதல், பெயர் தெரியாத நோயை விலை கொடுத்து வாங்குதல் போன்றது.

நல்ல பொருளும் வழியில் கெடுவதுண்டு. மஞ்சளைப் போன்ற நற்பொருள் வேறில்லை என்போம். வங்கதேசத்தில் 2019-ஆம் ஆண்டு சந்தையிலிருந்து எடுத்த மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47 ஈயங் கலந்தனவாய் இருந்தன. கிழங்கு மினுமினுப்பாய்த் தோன்ற வேண்டும் என்று ஈயக் குரோமேட்டு என்னும் மஞ்சள் வண்ணத்தைப் பூசினர். அந்நாட்டு அரசும் ஆராய்ச்சியாளரும் முனைந்து, வணிகரைத் திருத்தியும் தண்டித்தும், 2021-ஆம் ஆண்டிற்குள் அக்கலப்படத்தை அடியோடு நீக்கினர். இரண்டே ஆண்டுகளில் இது கைகூடிற்று என்பது நினைவில் இருத்தத் தக்கது. மிகப் பளபளக்கும் கிழங்கை விடுத்து, மங்கிய தோலுடைய கிழங்கை வாங்கித் தாமே இடித்துக்கொள்ளும் பாட்டியரின் வழக்கம் பொருளற்றதன்று.

பல் துலக்கும் பொருளிலும் இவ்வாறே நன்றும் தீதும் உண்டு. வேப்பங்குச்சி நன்று, செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்க்கும் கொடிய வழக்கத்தை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது. கிருமி கொல்லும் சவர்க்காரம் என்று விற்கப்படுவனவற்றில் சேர்ந்திருந்த டிரைகுளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை, அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை 2016-இல் கைகழுவும் பொருள்களிலிருந்து விலக்கியது. சாதாரணச் சவர்க்காரத்தையும் நீரையும்விட அவை சிறந்தன என்பதைச் செய்தவர் மெய்ப்பிக்கவில்லை என்பதே காரணம். இதனால், கை கழுவச் சவர்க்காரமே வேண்டா என்று கொள்ளற்க. உண்ணுமுன்னும் மலங்கழித்த பின்னும் கையைச் சவர்க்காரமிட்டே கழுவுதல் வேண்டும்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்னும் பொருளுக்கு, அதன் மேலுறையே முதற் சான்று. செய்தவர் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், எந்நாள் வரை பயன்படுத்தலாம் என்பதும் அதில் இருத்தல் வேண்டும். அயல்நாட்டுப் பொருளாயின் பதிவுச் சான்றிதழின் எண் இருத்தல் வேண்டும். இவை இல்லாதது எத்துணை மலிவாயினும் விலக்கத்தக்கதே. நூற்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட உட்பொருள்கள் யாவும் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றிற்குக் குறைந்தவை அவற்றின் பின் எவ்வரிசையிலும் வரலாம். வேப்பிலைப் படம் முகப்பை நிறைத்திருக்க, வேம்பின் பெயர் பட்டியலின் கடைசியில் ஒடுங்கிக் கிடப்பின், புட்டியில் வேம்பு எத்துணை என்பது விளங்கும்.

வீட்டிலே செய்துகொள்ளும் சீயக்காய்ப் பொடிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஏனாத்தூர் போன்ற ஊர்ப்புறங்களில் மேட்டு நிலத்தில் ஆவிரை பூத்துக் கிடக்கும். செம்பருத்தி வேலியிலே நிற்கும். மற்றவை நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பன. சீயக்காய் நான்கு பங்கு, பச்சைப்பயறு ஒரு பங்கு, வெந்தயம் அரைப்பங்கு, உலர்ந்த ஆவாரம்பூவும் செம்பருத்தியும் பூலாங்கிழங்கும் கைப்பிடி அளவு எடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, மாவு அரைவையில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் உடம்பிற்குச் சீயக்காய் வேண்டா. பயறும் கடலையும் சிறிதளவு கத்தூரி மஞ்சளும் வெட்டிவேரும் அரைத்த நலங்குமாவு போதும். ஆடவர் மஞ்சளை விடுத்துக்கொள்வர். சீயக்காயோ பூந்திக்கொட்டையோ கண்ணிற் பட்டால் கடுமையாக எரியும். உடனே தூய நீரால் பலமுறை கழுவுதல் வேண்டும். எலுமிச்சஞ்சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலிற் செல்லுதல் கூடாது. தோல் வெந்து கறுத்துவிடும். புதிதாக எதனைப் பூசுவதாயினும், முழங்கையின் உட்புறத்தே சிறிது தடவி ஒரு நாள் பார்த்தபின் பூசுக.

அரைத்த பொடி ஈரம் படாத தகரப் பெட்டியில் சில திங்கள் கெடாது. சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தலையில் தேய்ப்பது பழைய வழக்கம். முதல் நாள், 'நுரை வரவில்லையே' என்று பிள்ளைகள் முறையிடுவர். நுரை வேறு, தூய்மை வேறு என்பது, தலை உலர்ந்து சிக்கின்றிச் சீப்பு இறங்கும் பொழுது அவர்களுக்கே தெரியும்.